வளர்கிற வயசா, வாயின் வினையா?

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பையன்களின் கால்பந்து டீமுக்கு நான்தான் கோச். சம்பளம் கிடையாது, ஆர்வத்தில் செய்கிறேன். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என் சுபாவம். இங்கிலாந்தில் கிளப் டீம்களுக்கு மேனேஜராக இருந்த பிரையன் க்ளஃப்தான் என் ஆதர்சம். போன மாதம் ஒரு மேட்சில் தோற்றதும், கோட்டைவிட்ட கோல்கீப்பர் பையனிடம் எல்லோர் முன்னாலும், "உனக்கெல்லாம் எதுக்குடா கையுறை?" என்று கேட்டேன். ரெஃப்ரியையும் நாலு வார்த்தை கேட்டேன். இப்போது அந்தப் பையனின் பெற்றோர் என்னை நீக்கச் சொல்லிச் சங்கத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். என் மகனும் இதே டீம்தான். முன்பெல்லாம் என்னோடு பைக்கில் வருவான், இப்போது சைக்கிளில் தனியாக வந்துவிடுகிறான், வளர்கிற வயசு. சங்கத்தை எதிர்த்து நிற்கட்டுமா, விலகிவிடட்டுமா?
— பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நாலு பக்கம். இடம் கருதிச் சுருக்கிப் போட்டிருக்கிறோம். அந்த நாலு பக்கத்திலும் மகனைப் பற்றி இருந்தது இவ்வளவுதான். அதற்கும் 'வளர்கிற வயசு' என்று நீங்களே பதில் சொல்லி முடித்துவிட்டீர்கள்.

ஒரே வீடு, ஒரே மைதானம், கிளம்புகிற நேரமும் ஒன்று. பைக் சும்மா நிற்கும்போது எந்தப் பையன் வெயிலில் சைக்கிள் மிதிப்பான்? உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்குவதை அந்தக் கோல்கீப்பர் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறவன்தான் மிதிப்பான். மனு கொடுத்த முதல் ஆள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறான். எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, க்ளஃப் விஷயத்துக்கு வருகிறேன். அவரிடமிருந்து வாயை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1974-இல் லீட்ஸ் யுனைடெட் கிளப்புக்கு மேனேஜராகப் போனவர், லீக் பட்டம் வென்ற ஆட்டக்காரர்களைப் பார்த்து, உங்கள் பதக்கங்களைக் குப்பையில் போடுங்கள், ஏமாற்றி ஜெயித்தவை என்றாராம். 44 நாளில் வேலை போனது. அதற்குமுன் டெர்பி கிளப்பில் அவருக்கு உதவி மேனேஜராகத் தோளோடு தோள் நின்று 1972-இல் லீக்கை வென்ற பீட்டர் டெய்லர், லீட்ஸுக்கு மட்டும் கூடப் போகவில்லை. பிரைட்டன் கிளப்பிலேயே இருந்துவிட்டார். பின்னால் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்பில் இருவரும் மறுபடி சேர்ந்த பிறகுதான் 1979, 1980 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வந்தது. 'போதும்ப்பா, நிறுத்து' என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இல்லாத க்ளஃப்தான் லீட்ஸில் பார்த்த க்ளஃப் என்பது என் கணக்கு. உங்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? நாலு பக்கத்தில் மனைவி பேச்சையே காணோமே!

ஃபாரஸ்டில் மைதானத்தின் ஓரமாக ஆடிய ஜான் ராபர்ட்சன் என்ற விங்கரைக் குண்டு, அழுக்கு என்றெல்லாம் க்ளஃப் ஊரறியக் கிண்டல் செய்தார். ஆனால் அதே ராபர்ட்சனைத்தான் வருஷக்கணக்கில் ஒரு மேட்ச் விடாமல் இறக்கினார். 1979 ஃபைனலில் ட்ரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டிய பந்தைத் தூக்கிக் கொடுத்தது ராபர்ட்சன். 1980 ஃபைனலின் ஒரே கோலும் அவருடையது. திட்டிய வாய் அவரைத்தான் நம்பியது என்பது ராபர்ட்சனுக்குத் தெரியும். நீங்கள் அந்தப் பையனுக்கு அடுத்த மேட்சில் கையுறையைக் கொடுத்தீர்களா, பெஞ்சில் உட்கார வைத்தீர்களா? எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிகிறது. அதோடு, ராபர்ட்சன் சம்பளம் வாங்கிய பெரிய ஆள். இவன் ஊரார் வீட்டுப் பிள்ளை, நம்பி உங்களிடம் விட்டிருக்கிறார்கள்.

ரெஃப்ரியைக் கேட்டேன் என்று வேறு பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். தன் ஆட்டக்காரர் எவரும் ரெஃப்ரியிடம் வாய் கொடுக்க க்ளஃப் விட்டதில்லை. ஆதர்சம் என்கிறவருக்கு இது தெரியாதா?

இன்னொன்றும் கேளுங்கள். 1983-இல், அப்போது டெர்பிக்குப் போயிருந்த டெய்லர், க்ளஃபிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இதே ராபர்ட்சனைத் தன் டீமுக்கு இழுத்துக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது. 1990-இல் டெய்லர் இறக்கும்வரை இருவரும் பேசவே இல்லை. உலகத்துக்கே பதில் சொன்ன மனுஷனுக்குக் கூட்டாளிக்கு ஒரு போன் போட வாய் வரவில்லை. உங்கள் வீட்டில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

சங்கம் கூடும்வரை காத்திருக்காமல் நீங்களே விலகுங்கள். குறைந்தது இந்த சீசன் முழுக்க விசிலைத் தொடாதீர்கள். அந்த டீமுக்கு வேறு கோச் கிடைப்பார், உங்கள் மகன் அப்பாவுக்கு எங்கே போவான்? மேட்ச் அன்று மற்ற அப்பாக்களோடு கோட்டுக்கு வெளியே நின்று பாருங்கள், வாயைத் திறக்காமல். பைக்கில் ஏறச் சொல்லி அவனை வற்புறுத்தாதீர்கள், அவனாக ஏறட்டும்.

அதற்கு முன்னால் கோல்கீப்பர் பையனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவன் வீட்டு வரவேற்பறையில் ரகசியமாக அல்ல. எந்த மைதானத்தில், எந்தப் பையன்கள் முன்னால் திட்டினீர்களோ அங்கேயே. புதுக் கையுறை ஒன்று வாங்கிக் கையில் திணித்துவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றும். வாங்காதீர்கள்.