காகித ஆலைக் கழிவில் காசு எங்கே? – கேள்வி பதில்

(கூழ் ஆலையின் கறுப்புக் கழிவை எரித்துச் சோடாவை மீட்கும் ரெக்கவரி பாய்லர் பக்கமே காலம் தள்ளியவன். தெரிந்ததற்கு மட்டும் பதில்.)

அட்டை ஆலை ஸ்லட்ஜ் (கழிவுநீரில் படியும் சேறு) இலவசமாகக் கிடைக்கிறது. எரிக்கலாமா?
முதலில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் வழிகிறதா? கிலோவுக்கு 700 கிராம் தண்ணீர் என்று வையுங்கள். மீதி 300 கிராமில் பாதி களிமண், சுண்ணாம்பு. எரியும் நார் 150 கிராம்தான். சூடு சுமார் 2.5 மெகாஜூல். தண்ணீரை ஆவியாக்கவே 1.8 போய்விடும், மிச்சத்தில் புகைபோக்கி பங்கு கேட்கும். லாரி வாடகையும் தண்ணீருக்குச் சேர்த்தே. மில் போர்டு (தடித்த முரட்டு அட்டை) போடுபவர்களுக்குக் கொடுங்கள்.

பிளாக் லிக்கரை (கூழ் வேகவைத்தபின் மிஞ்சும் கறுப்புத் தண்ணீர்) எரிப்பது கரண்டுக்காகத்தானே?
கரண்டு உபரி. பெரிய காசு சோடாவில். மரத்தை வேகவைக்கப் போட்ட காஸ்டிக் சோடா எல்லாம் அந்தக் கறுப்புத் தண்ணீரில்தான் கிடக்கிறது. வரும்போது திடப்பொருள் 15%. வெல்லப்பாகு பதத்துக்கு, அதாவது 65% வரை வற்ற வைக்க வேண்டும். கிலோ திடப்பொருளுக்கு ஐந்து கிலோ தண்ணீர் போகணும். ஒரே பாத்திரத்தில் காய்ச்சினால் திவால்தான். ஒன்றின் ஆவி அடுத்ததைச் சூடாக்கும்படி ஐந்தாறு பாத்திரம் வைப்பதால், ஒரு கிலோ நீராவியில் நாலைந்து கிலோ தண்ணீர் போகிறது. எரிந்தபின் சோடா உருகிச் செக்கச்செவேலென்று ஒழுகும். கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால் மறுபடி காஸ்டிக். நல்ல மரக்கூழ் ஆலையில் 95%க்கு மேல் திரும்பும்.

ஒரு எச்சரிக்கை: திடப்பொருள் 58%க்குக் கீழே இறங்கினால் பாய்லருக்குள் லிக்கர் விடுவதை உடனே நிறுத்துங்கள். உருகிய சோடாவில் தண்ணீர் பட்டால் பாய்லர் வெடிக்கும்.

ஸ்லட்ஜில் மின்சாரம் எடுக்கலாமா?
முதல் பதில்.

லைம் ஸ்லட்ஜ் (சோடாவை மறுபடி காஸ்டிக் ஆக்கும்போது படியும் சுண்ணாம்புச் சேறு)?
மரக்கூழ் ஆலையானால் சூளையில் சுட்டு மறுபடி சுண்ணாம்பாக்கலாம். கரும்புச் சக்கையில் கூழ் செய்யும் ஆலையானால் சிலிக்கா (மணல் சத்து) அதிகம். சுற்றச் சுற்றச் சேர்ந்துகொண்டே போகும், ஒரு பங்கை வெளியே எடுத்தே ஆகணும். புகளூர் டிஎன்பிஎல் (தமிழ்நாடு அரசின் காகித ஆலை) அதைச் சாம்பலோடு சேர்த்து சிமென்ட் ஆக்குகிறது. சக்கை கழுவிய தண்ணீரில் எரிவாயு எடுத்து, பர்னஸ் ஆயிலுக்குப் பதிலாகச் சூளையில் எரிப்பதும் அங்கேதான். கழுவும்போது மிச்சச் சர்க்கரை இறங்குகிறதே, நுண்ணுயிருக்கு விருந்து.

பிளாக் லிக்கரில் இருக்கும் லிக்னினை (மரத்தின் நாரை ஒட்டிப் பிடிக்கும் பொருள்) எரிப்பது முட்டாள்தனம். பிரித்து விற்றால் பல மடங்கு விலை.
வாங்குபவர் யார்? பிரித்த ஒவ்வொரு டன்னுக்கும் பாய்லரில் சூடு குறையும். அதற்கு நிலக்கரி வாங்கணும்.

நிலக்கரி மலிவு சார். நீங்கள் பழைய ஆள்.
பழைய ஆள்தான். ஆனாலும் ஒரு இடத்தில் உங்கள் பேச்சு நிற்கும். பாய்லர் போதாமல் உற்பத்தி முட்டி நிற்கும் ஆலையில், கொஞ்சம் லிக்னினை எடுத்துவிட்டால் கூடுதலாகக் கூழ் காய்ச்சலாம். அப்போதும் லாபம் கூழில்தான். பின்லாந்தின் சுனிலா ஆலை 2015இல் லிக்னின் எடுக்கத் தொடங்கியது. 2023இல் கூழ் ஆலையை மூடினார்கள். லிக்னினும் கூடவே நின்றது.

பல்ப்பரில் (பழைய காகிதத்தைக் கரைக்கும் தொட்டி) சிக்கும் பிளாஸ்டிக்?
என் துறை இல்லை. சிமென்ட் சூளைக்காரர்களைக் கேளுங்கள்.

ஸ்லட்ஜை வெயிலில் காயவைத்து எரித்தால்?
மூன்றாவது ஆள்! சரி, பங்குனியில் காயும். ஐப்பசியில் எங்கே பரப்புவீர்கள்?