சமன்பாட்டில் ஆக்சிஜன் கணக்கு மட்டும் ஏன் உதைக்கிறது?

படிவம் 4 படிக்கிறீர்கள். வேதியியல் சமன்பாட்டில் ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் கலைகிறது, அதிலும் ஆக்சிஜன் கணக்கு வரவே மாட்டேங்குது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டர்வொர்த்தில் டியூஷன் எடுக்கிறேன். மோல் பாடம் முடிந்து சமன்பாட்டுக்கு வந்தவுடன் பிள்ளைகள் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

ஆக்சிஜனில் தொடங்குவதுதான் தொல்லை. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கார்பனும் ஹைட்ரஜனும் உள்ள ஒரு பொருள் எரியும்போது, வலப்பக்கம் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலும் இருக்கும், நீரிலும் இருக்கும். இடப்பக்கத்திலோ தனி வாயுவாக நிற்கும். அதற்கு முன்னால் எந்த எண்ணைப் போட்டாலும் கார்பனும் ஹைட்ரஜனும் அசையாது. அதனால்தான் கடைசியில்.

நம் வீட்டு கேஸ் தோங்கில் (சிலிண்டரில்) இருக்கும் பியூட்டேனையே எடுத்துக்கொள்வோம். ஒரு மூலக்கூறில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன். கார்பன் 4 என்றால் கார்பன் டை ஆக்சைடு 4. ஹைட்ரஜன் நீரில் இரண்டிரண்டாகப் போகும், ஆக நீர் 5. இப்போது வலப்பக்க ஆக்சிஜன் அணுக்களை எண்ணுங்கள்: கார்பன் டை ஆக்சைடில் 8, நீரில் 5, மொத்தம் 13. ஆக்சிஜன் வாயுவில் அணுக்கள் ஜோடியாகத்தான் இருக்கும், ஆகவே ஆறரை. இந்த ஆறரையைப் பார்த்ததும் பயந்துபோய் ரப்பரைத் தேடுவார்கள். அழிக்காதீர்கள், இதுவரை செய்தது எல்லாமே சரி. மொத்தத்தையும் இரண்டால் பெருக்கிவிடுங்கள்: பியூட்டேன் 2, ஆக்சிஜன் 13, கார்பன் டை ஆக்சைடு 8, நீர் 10.

அப்புறம் நைட்ரேட், சல்பேட் மாதிரி கூட்டமாக வருபவை. லெட் நைட்ரேட் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு கரைசலை ஊற்றினால் பளிச்சென்று மஞ்சளாக வீழ்படிவு வருமே, அதில் நைட்ரேட் இரண்டு பக்கமும் உடையாமல் இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஆக்சிஜனை எண்ணவே வேண்டாம். மூட்டையைப் பிரிக்காமல் மூட்டையாக எண்ணுங்கள். லெட் நைட்ரேட்டில் நைட்ரேட் 2, எனவே பொட்டாசியம் நைட்ரேட் 2, எனவே பொட்டாசியம் அயோடைடு 2. அயோடினும் தானாகச் சரியாகிவிடும். ஆனால் அதே லெட் நைட்ரேட்டைச் சூடாக்கினால் பழுப்பு வாயு கிளம்பும். நைட்ரேட் உடைந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே இந்த வழி செல்லாது, ஒவ்வொரு அணுவாக எண்ண வேண்டும். லெட் நைட்ரேட் 2 போட்டால் லெட் ஆக்சைடு 2, நைட்ரஜன் டை ஆக்சைடு 4, ஆக்சிஜன் 1 வரும்.

வாய்பாட்டுக்குள் கீழே சின்னதாக இருக்கும் எண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு ஆக்சிஜன் குறைகிறதே என்று நீரில் இன்னொன்றைச் சேர்த்தால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு, வேறு பொருள். எஸ்.பி.எம். (படிவம் 5 இறுதித் தேர்வு) தாளில் இப்படிப்பட்ட கேள்விக்கு வழக்கமாக வாய்பாடுகளுக்கு ஒரு புள்ளி, சமன் செய்ததற்கு ஒரு புள்ளி. வாய்பாடு தவறினால் இரண்டாவதும் கையை விட்டுப் போகும். என்னைக் கேட்டால், "சமன் செய்ய வராது" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எண்ணுவதில் ஒரு குறையும் இல்லை. அயனிகளின் மின்னூட்டம்தான் மனப்பாடம் ஆகவில்லை, அதனால் வாய்பாடே தவறிவிடுகிறது. அதை முதலில் பாருங்கள். எக்ஸ், ஒய் போட்டு இயற்கணிதத்தில் தீர்க்கும் வழியும் உண்டு, உங்கள் தாளுக்கு அது தேவைப்படாது.

இன்னொன்று. எங்கள் ஊரில் நூறு வருடத்துக்கும் மேலாக வெள்ளீயம், அதாவது டின், உருக்கினார்கள். டின் ஆக்சைடு 1, கார்பன் 1 என்று போட்டால் டின்னும் கார்பன் டை ஆக்சைடும் வரும். கார்பனை 2 ஆக்கி, கார்பன் மோனாக்சைடு 2 என்று எழுதினாலும் சமன் ஆகும். இரண்டில் எது என்பதை எண்ணிக்கை சொல்லாது. எந்த வாயு வெளியேறுகிறது என்று கேள்வியில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.