ட்ரம்மரோட ரிகர்சலுக்கும் சின்ன கச்சேரிக்கும் கட்டுப்படியாகிற விலையில எந்த பேஸ் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாம்?

ரங்கூன்ல இருந்து எழுதுறேன். நீங்க எந்த ஊருன்னு கேள்வியில போடல, ட்ரம்மர் இருக்காரு, நூறு நூத்தம்பது பேர் வர்ற நிகழ்ச்சி, கையில காசு கம்மி, அவ்வளவுதான் போட்டிருக்கீங்க. கல்யாண செட்டுலயோ சர்ச்லயோ வாசிக்கிற தம்பியா இருக்கும்னு வச்சுக்கிட்டு பதில் சொல்றேன், வயசுல மூத்தவரா இருந்தா கோவிச்சுக்காதீங்க.

நேரா சொல்லிடறேன். 12 இஞ்ச் ஸ்பீக்கர் வச்ச 100 வாட் காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில, பின்னாடி எக்ஸ்எல்ஆர் டிஐ அவுட், அதாவது ஆம்ப்ல இருந்து நேரா மிக்ஸருக்கு கேபிள் எடுக்கிற ஓட்டை இருக்கணும், ஒரு ஆளு தனியா தூக்கிட்டு படி ஏறணும். இந்த மூணும் இருந்தா பேர் எதுவா இருந்தாலும் எனக்கு கவலை இல்ல. ஃபெண்டர் ரம்பிள் 100 அப்படித்தான், சுமார் 10 கிலோதான் வரும், ஆம்பெக் ஆர்பி-112ம் அதே 100 வாட் அதே 12 இஞ்ச். ரம்பிள் 40ல 10 இஞ்ச் ஸ்பீக்கர், அதுலயும் டிஐ இருக்கு, ட்ரம்மர் மெதுவா அடிக்கிற ஆளா இருந்தா, இல்ல கஹோன் (மேல உக்காந்து கையால தட்டுற பெட்டி) மட்டும்னா அதுவே சமாளிக்கும். ரம்பிள் 25ல டிஐ கிடையாது, அது வீட்டுல ப்ராக்டிஸ் பண்ணத்தான்.

வீட்டுல கிட்டார் ஆம்ப் சும்மா கிடக்கே அதுலயே சொருகிக்கலாமேன்னு யாராவது சொல்லுவாங்க. மெதுவா வச்சு வாசிச்சா ஒண்ணும் ஆகாது. ட்ரம்மோட வாசிக்க சத்தம் கூட்டினீங்கன்னா ஸ்பீக்கர் போயிடும், ஏன்னா கிட்டாரோட தடிச்ச கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸோட ஈ கம்பி அதுல பாதி, 41 ஹெர்ட்ஸ், அவ்வளவு கீழ இருக்கிற சத்தத்துக்கு ஸ்பீக்கரோட கோன் (நடுவுல அதிர்ற கூம்பு) முன்னும் பின்னும் ரொம்ப தூரம் போய் வரணும், கிட்டார் ஸ்பீக்கரை அதுக்கு செய்யல.

அப்புறம் இந்த வாட் கணக்கு. 50 வாட்டை 100 ஆக்கினா சத்தம் டபுள் ஆகாது, 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு டபுளா தெரியணும்னா சுமாரா பத்து மடங்கு வாட் வேணும். அதனால கடைக்காரர் "இது 60, இது 80"ன்னு வாட்டை காட்டி விலை ஏத்தினா சிரிச்சுட்டு வந்துடுங்க, ஸ்பீக்கர் சைஸையும் பெட்டியையும் பாருங்க. நான் இன்ஜினியர் எல்லாம் இல்ல, வாசிச்சு வாசிச்சு தெரிஞ்சுக்கிட்டதுதான், டெக்னிக்கலா திருத்த வர்றவங்க தாராளமா வாங்க.

எடையை ஏன் இவ்வளவு பேசுறேன்னா இங்க டவுன்ல மோட்டார் பைக்குக்கு தடை, டாக்ஸி பிடிக்கணும், இல்லன்னா சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா), அப்புறம் லிஃப்ட் இல்லாத பில்டிங், நான் இருக்கிறது மூணாவது மாடி. ட்யூப் (வால்வு) வச்ச பழைய பாணி கனமான ஆம்ப் சத்தமே தனின்னு சொல்ற அண்ணன்மாருக்கு ஒரு கும்பிடு, ஆம்பெக் எஸ்விடி 1969ல 300 வாட்டோட, எட்டு ஸ்பீக்கர் கேபினட்டோட வந்துச்சு, அந்த சத்தத்துக்கு நானும் அடிமைதான், ஆனா தூக்குறதுக்கு ஆளு நீங்க அனுப்புவீங்களா?

இப்ப என் கதை. இங்க ரங்கூன்ல தாம்வே பக்கம் ஒரு கல்யாணம், ஒரே மேடையில ரெண்டு செட்டு. சவுண்டுக்காரர் ரெண்டே ரெண்டு டாப் ஸ்பீக்கரோட வந்துட்டாரு, கீழ் சத்தத்துக்கான பெரிய சப் ஸ்பீக்கர் கிடையாது, பேஸை மிக்ஸர்ல எடுக்க மாட்டேன்னுட்டாரு, ஸ்பீக்கர் கிழிஞ்சிடுமாம். சரி, அவங்கவங்க ஆம்ப்லதான் வாசிக்கணும். மொத செட்டோட பேஸ்காரர் 15 இஞ்ச் கேபினட்டும் (ஸ்பீக்கர் பெட்டி) தனி ஹெட்டும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) கொண்டு வந்திருந்தாரு, ரெண்டு பேர் பிடிச்சு மேடை மூலையில வச்சாங்க. பேஸ் குமிழ் ஃபுல்லு, ட்ரெபிள் ஃபுல்லு, மிட், அதாவது நடு சத்தம், சுத்தமா கீழ. தனியா வாசிச்சுக் காட்டினப்ப கேக்க ஜம்முனுதான் இருந்துச்சு. பேண்டு ஆரம்பிச்ச உடனே பூரா உறுமல், டைல்ஸ் தரை, ஆம்ப் மூலையில, சுவர் ரெண்டு பக்கமும் கீழ் சத்தத்தை இன்னும் ஏத்தி விடுது, எந்த சுரம்னே தெரியல. அவரு பாவம் இன்னும் வால்யூம் ஏத்தினாரு.

எங்க முறை வந்தப்ப நான் என் சின்ன காம்போவை மூலையில இருந்து இழுத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல வச்சேன், பேஸ் குமிழை நடுவுக்குக் கொஞ்சம் கீழ இறக்கினேன், மிட்டை ஏத்தினேன். தனியா கேட்டா அந்த சத்தம் அசிங்கமா மூக்கால பேசுற மாதிரி இருக்கும், அதை நான் ஒத்துக்கிறேன், ஆனா பாட்டோட சேரும்போது அதுதான் கேக்கும், ஏன்னா கீழ கிக் ட்ரம் உக்காந்திருக்கு, மேல கீபோர்டும் சிம்பலும், நமக்கு இருக்கிற இடம் நடுவுலதான். ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் பொண்ணோட பெரியப்பா மேடைக்கே வந்து "ஏம்பா, இந்த சின்ன பெட்டியில இருந்தா வருது?"ன்னு குனிஞ்சு பாத்துட்டுப் போனாரு. தற்பெருமைன்னு சொல்லுவீங்க, சொல்லிக்கோங்க. அந்த அண்ணன் என்னை விட நல்லா வாசிப்பாரு, அது வேற விஷயம். அப்புறம் சவுண்டுக்காரரே கேபிளை நீட்டினாரு, டிஐல இருந்து எடுத்து மிக்ஸர்ல லோ-கட் போட்டு, அதாவது ரொம்ப கீழ இருக்கிற சத்தத்தை வெட்டிட்டு, கொஞ்சமா கலந்தாரு, டாப் ஒண்ணும் கிழியல. கிழியாதுன்னு முன்னாடியே சொன்னேனேன்னா "யாடே யாடே"ன்னு (பர்மிய மொழியில பரவாயில்ல) சிரிக்கிறாரு.

அன்னைக்கு எங்களுக்கு கிடைச்சதே நாலு பாட்டுதான், அது தெரியுமா. மீதி நேரம் பூரா சங்கத்துக்காரங்களுக்கு பொன்னாடை. தலைவருக்கு ஒண்ணு, செயலாளருக்கு ஒண்ணு, முன்னாள் தலைவருக்கு ஒண்ணு, அவரோட தம்பிக்கு ஒண்ணு, ஒவ்வொருத்தரும் மைக்கை வாங்கி ரெண்டு வார்த்தைன்னு சொல்லி இருபது நிமிஷம், ஜெனரேட்டர்ல டீசல் தீந்துக்கிட்டே இருக்கு, நாங்க கிட்டாரை மாட்டிக்கிட்டு ஓரமா நிக்கிறோம். கடைசியில "நேரமாச்சு தம்பி, கீபோர்டு மட்டும் வாசிச்சா போதும், அவரு இடது கையில பேஸ் போட்டுக்குவாரு"ன்னு ஒருத்தர் வந்து சொல்றாரு. காசு கேட்டா சாப்பாடு போட்டோம்லங்கிறாங்க. எந்த சங்கம்னு சொல்ல மாட்டேன், படிக்கிறவங்களுக்கே தெரியும். சரி விடுங்க, நீங்க கேட்டது இது இல்ல.

புதுசு வாங்குற நிலைமையில இங்க யாரும் இல்ல. 2022 ஆகஸ்ட்ல இங்க சென்ட்ரல் பேங்க் டாலருக்கு 2100 கியாட்னு வச்சாங்க, கடையில எந்த சாமானுக்கும் அந்தக் கணக்குல விலை சொல்லி நான் பாக்கல. அதனால செகண்ட் ஹேண்ட்தான். ஜப்பான் பழைய சாமான் கடைகள்ல நல்ல ஆம்ப் மலிவா மாட்டும், ஆனா தயவு செஞ்சு பின்னாடி தகட்டைப் படிங்க. ஜப்பான்ல கரண்டு 100 வோல்ட், நமக்கு 230. அப்படியே சொருகினா புகைதான். வோல்ட்டை இறக்குற ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம், அதோட விலையையும் எடையையும் சேத்து கணக்குப் பாருங்க, அமெரிக்கா சாமான்னா 120 வோல்ட், அங்கயும் இதே கதை. ஜெனரேட்டர்ல வாசிக்கிறதா இருந்தா அது ஓடி நிதானத்துக்கு வந்த பிறகு ஆம்போட மாஸ்டர் வால்யூமை ஜீரோல வச்சு ஆன் பண்ணுங்க, நடுவுல ஒரு ஸ்டெபிலைசர் இருந்தா இன்னும் நல்லது.

வீட்டுல கரண்டு இல்லாத நேரத்துக்கு வேணும்னா ரோலண்ட் மைக்ரோ க்யூப் பேஸ் ஆர்எக்ஸ்னு ஒண்ணு, ஆறு ஏஏ பேட்டரியில ஓடும், ஆனா மொத்தமே 5 வாட்தான், ட்ரம்மர் கிட்ட கொண்டு போகாதீங்க. தனி ஹெட்டும் கேபினட்டும் வாங்கணும்னு ஆசை இருந்தா 8 ஓம் (மின்தடை அளவு) கேபினட் ரெண்டை பேரலலா மாட்டினா 4 ஓம் ஆயிடும், ஹெட்டு அதைத் தாங்குமான்னு பாத்துக்கோங்க, கிட்டார் கேபிளால கேபினட்டை இணைக்காதீங்க.

பழசு வாங்கப் போகும்போது உங்க பேஸையும் கேபிளையும் கொண்டு போங்க. குமிழ் ஒவ்வொண்ணையும் திருப்பி கரகரன்னு சத்தம் வருதா பாருங்க, வால்யூமை பாதிக்கு மேல ஏத்தி ஈ கம்பியை சும்மா விட்டு நல்லா அடிங்க, கோன் கிழிஞ்சிருந்தாலோ பெட்டி ஆணி தளர்ந்திருந்தாலோ அப்பவே உதறும். டிஐ ஓட்டையிலயும் ஒரு கேபிள் சொருகிப் பாருங்க, பழசுல மொதல்ல சாகுறது பல தடவை அதான். விக்கிறவர் "இப்ப கரண்டு இல்ல, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணிக்கோ"ன்னு சொன்னா, அவங்க ஏரியாவுல கரண்டு எத்தனை மணிக்கு வரும்னு கேட்டுட்டு அந்த நேரத்துக்கு திரும்பப் போங்க.