ரிமோட் (ஆர்சி) காரில் 3எஸ் பேட்டரி போட்டதும் ஸ்பர் கியர் பல் போகிறதா?

மோட்டரை மாற்ற வேண்டாம், கியர் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். 3எஸ் லிப்போவும் (மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) புது பினியனும் (மோட்டர் தண்டில் இருக்கும் சின்ன கியர்) போட்டதிலிருந்து இரண்டு ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய கியர்) மழுங்கிப்போனது என்றால், பெரும்பாலும் பல்லின் நுனி மட்டும்தான் கடிக்கிறது. 2எஸ்ஸில் தாக்குப்பிடித்தது 3எஸ் இழுப்பில் வழித்துக்கொண்டு போய்விடும்.

புது ஸ்பரை மாட்டி, மோட்டர் திருகுகளைத் தளர்த்துங்கள். நோட்டுத்தாள் துண்டு ஒன்றை இரண்டு கியருக்கும் நடுவே விட்டு, மோட்டரை அழுத்திப் பிடித்தபடி இறுக்குங்கள். கியரை உருட்டித் தாளை எடுத்தால் அதில் மடிப்பு மடிப்பாக விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. பிறகு பினியனைப் பிடித்துக்கொண்டு ஸ்பரை அசைத்தால் மெல்லிய ஆட்டம் தெரியணும். இதை நாலு இடத்தில் பாருங்கள். ஸ்பர் துளி கோணலாக இருந்தாலும் ஒரு பக்கம் இறுகிவிடும்.

பினியன் பிட்ச்சையும் (பல்லின் அளவு, சில கியரில் மாட்யூல் கணக்கில் இருக்கும்) பார்த்துவிடுங்கள். 32 பிட்ச்சும் 0.8 மாட்யூலும் சேர்ந்து ஓடும், 48-உம் 0.6-உம் ஒட்டவே ஒட்டாது.

திருகுக்கு நீல திரெட்லாக் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும். பிளாஸ்டிக்கில் படவிடாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பல் போனால் ஸ்லிப்பர் கிளட்ச் (திடீர் இழுப்பில் கொஞ்சம் வழுக்கிக்கொடுத்து கியரைக் காப்பாற்றும் பாகம்) அதிக இறுக்கம். நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்தணும். ரொம்ப விட்டால் அது வழுக்கிச் சூடேறி ஸ்பரின் நடுப்பகுதியையே உருக்கிவிடும்.