ஒரே வொல்லார், இரண்டு படங்கள்

அன்புள்ள ஐயா,

பிக்காஸோ 1910-இல் கரியால் வரைந்த ‘நிற்கும் பெண்’ படத்தை இணையத்தில் பார்த்தேன். பெண் எங்கே என்றே தெரியவில்லை. ஆனால் 1915-இல் வொல்லார் என்பவரைப் பென்சிலில் அச்சு அசலாக வரைந்திருக்கிறார். உருவத்தைத் துண்டு துண்டாக உடைத்து வரையும் கியூபிசம் சரிப்படவில்லை என்று பழைய பாணிக்கே திரும்பிவிட்டாரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் படத்தில் பெண்ணைத் தேடித் தோற்றவர்கள் நிறையப் பேர். 1911-இல் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸ் தன் நியூயார்க் காட்சிக்கூடத்தில் அதை மாட்டியபோது, அந்த ஊர்க் கட்டடங்களின் வெளிச்சுவரில் தொங்கும் அவசரகால இரும்புப் படிக்கட்டின் பெயரையே அதற்குப் பட்டமாகச் சூட்டினார்கள். ஸ்டீக்லிட்ஸ் அசரவில்லை, தானே விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். இப்போது மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மறுபடி ஒருமுறை பாருங்கள். நெடுக்காக ஓடும் கோடுகள்தான் அவள் நிற்கும் நிலை. நடுநடுவே வரும் அரைவட்ட வளைவுகளில் தோளும் இடுப்பும் பிடிபடும். முக்கியமாக, எந்த வடிவமும் முழுதாக மூடியிருக்காது. வெளிக்கோடு விட்டுப்போன இடங்களில், தேய்த்த கரி உடம்பிலிருந்து வெளியே கசிகிறது. உடம்பு எங்கே முடிகிறது, சுற்றியுள்ள வெளி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி வரைவதுதான் அப்போது அவருக்கு இருந்த வேலை. நிறம் இல்லாததால் அது கோட்டிலேயே அப்பட்டமாகத் தெரிகிறது.

சரி, வொல்லாருக்கு வருவோம். பாரிஸ் ஓவிய வியாபாரி, 1901-இலேயே பிக்காஸோவுக்குக் கண்காட்சி நடத்தியவர். இதே மனிதரை பிக்காஸோ 1910-இல் கியூபிச பாணியிலும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறார். மாஸ்கோவில் புஷ்கின் அருங்காட்சியகத்தில் உள்ளது. சாம்பலும் பழுப்புமான துண்டுகளுக்கு நடுவே அந்தப் பெரிய வழுக்கை நெற்றி, தாழ்ந்த இமைகள், அமுங்கிய மூக்கு. ஆளைத் தெரிந்தவர்களுக்குச் சந்தேகமே வராது. பென்சில் படம் அருமைதான், ஆனால் அவர் போட்டிருக்கும் கோட்டின் மடிப்புகளில் ‘பார், எனக்கு இதுவும் வரும்’ என்ற அலட்டல் கொஞ்சம் இருக்கிறது. எனக்கு மாஸ்கோ வொல்லாரைத்தான் பிடிக்கும்.

திரும்பிவிட்டாரா என்றால், இல்லை. 1914-இல் போர் வந்தது, கியூபிசத்தில் கூட்டாளியான ஓவியர் பிராக் ராணுவத்துக்குப் போனார், கியூபிசம் வளர்த்த வியாபாரி கான்வைலர் ஜெர்மானியர் என்பதால் பாரிசுக்கு வர முடியவில்லை. அந்தச் சூழல் அவரை மரபின் பக்கம் தள்ளியது என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் பென்சில் வொல்லாரை வரைந்த அதே 1915-இல்தான் தட்டையான வண்ணப் பட்டைகளால் ‘ஹார்லெக்வின்’ என்ற முழுக் கியூபிச ஓவியத்தையும் தீட்டினார். 1921 கோடையில் பாரிசுக்குப் பக்கத்து ஊரான ஃபோந்தேன்புளோவில் இன்னும் வேடிக்கை: ‘மூன்று இசைக்கலைஞர்கள்’ வெட்டி ஒட்டிய காகிதம் போன்ற கியூபிசம், ‘ஊற்றருகே மூன்று பெண்கள்’ கற்சிலை போன்ற கனத்த உடம்புகள். ஒரே வீடு, ஒரே கோடை!

1923-இல் ஓவியரும் எழுத்தாளருமான தெ சயாஸிடம் பேசும்போது, தன் வெவ்வேறு பாணிகளைப் படிப்படியான வளர்ச்சியாகப் பார்க்கக்கூடாது என்றே பிக்காஸோ சொல்லிவிட்டார். சொல்ல வந்த விஷயம் எந்த முறையைக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். 1915-க்கு அப்புறம் வந்த கியூபிசப் படங்களையும் தேடிப் பாருங்கள், நிறைய இருக்கின்றன.