தேதி கேட்காதீர்கள், நாள் கொடுங்கள்: சஃபாரி கேள்வி-பதில்

சென்ற இதழில் ஆப்பிரிக்கக் காடுகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பாதி, "எவ்வளவு செலவாகும்?" என்ற ஒற்றை வரிதான். அதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. மற்ற கடிதங்களிலிருந்து சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் ஏழு முறை போய்வந்தவள், அவ்வளவுதான். விலங்கியல் படித்தவள் அல்ல.

அம்மா, மாரா ஆற்றை விலங்குக் கூட்டம் கடப்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. எந்தத் தேதியில் கடக்கும் என்று சொன்னால் விமான டிக்கெட் வாங்கிவிடுவேன்.

அந்தத் தேதி வில்டபீஸ்டுகளுக்கே (மாடுபோலத் தோன்றும் பெரிய மானினம்) தெரியாது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்டுகள், கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகள், மான்கள், எல்லாம் மழையையும் புல்லையும் துரத்திக்கொண்டு தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் கென்யாவின் மசாய் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுவதும் வட்டமடிக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கே ந்டூட்டு சமவெளியில் இருக்கும். பிப்ரவரியில் அங்கே கன்று ஈனும் காலம். ஏப்ரல், மே மழையில் மெல்ல வடமேற்காக நகரும். ஜூன் வாக்கில் க்ருமெட்டி ஆறு. ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றின் இரு கரைகளிலும் போவதும் வருவதுமாக இருக்கும். நவம்பரில் மழை தொடங்கினால் மறுபடியும் தெற்கு. என்னைக் கேட்டால் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரைத் தேர்ந்தெடுங்கள். தேதியைத் தேடாதீர்கள், ஆற்றங்கரைக்கு நாலு நாள் ஒதுக்குங்கள்.

நான் முதன்முதலாகக் காத்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கு எதிர்க்கரையில் கூட்டம் சேர்ந்தது. பத்தரைக்கு முன்வரிசையில் நின்ற ஒன்று சரிவில் இறங்கி, முன்னங்கால் குளம்பு நனையும் அளவுக்கு வந்து, தண்ணீரை முகர்ந்தது. பின்னால் நின்றவை நெருக்கியடித்தன. புழுதி எழுந்தது. எங்கள் வண்டியில் யாரும் மூச்சுவிடவில்லை. எங்கோ ஒரு வரிக்குதிரை நாய்போலக் குரைத்தது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் திரும்பி மேட்டில் ஏறி ஓடிவிட்டது. மத்தியானம் ஒன்றரை வரை உட்கார்ந்திருந்தோம். அவை புல் மேய்ந்தன, நாங்கள் பொட்டலச் சாப்பாட்டைத் தின்றோம். மூன்றாம் நாள்தான் கடந்தன, அதுவும் பதினைந்து நிமிடம்.

பணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 முதல் மசாய் மாராவில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் ஜனவரியிலிருந்து ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். ஆறு கடப்பதுதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால் பிப்ரவரியில் ந்டூட்டு போங்கள். பிறந்து சில நிமிடங்களிலேயே கன்று எழுந்து நின்று, விழுந்து, மறுபடி நின்று தாயோடு ஓடுவதைப் பார்க்கலாம். என் மனதுக்கு ஆற்றைவிட அதுதான் பெரிய காட்சி.

ஆறு நாளில் கென்யா, தான்சானியா இரண்டையும் முடித்து ஐந்து பூங்காக்களைக் காட்டுவதாக ஒரு நிறுவனம் திட்டம் அனுப்பியிருக்கிறது. விலையும் குறைவு. ஒத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். என் முதல் பயணம் இப்படித்தான் இருந்தது, ஆறு இரவு, ஐந்து விடுதி. அந்த ஆறு நாளில் சிங்கத்தைவிட அதிகமாக நான் பார்த்தது என் பெட்டியின் ஜிப்பைத்தான். நைரோபியிலிருந்து மாராவுக்குத் தரைவழியாகவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். அங்கிருந்து நகுரு ஏரி, நகுருவிலிருந்து அம்போசெலி என்று போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பகல் போய்விடும். விலங்குகள் நடமாடும் காலை ஆறு முதல் பத்து மணி வரை நீங்கள் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் இருப்பீர்கள்.

இன்னொரு சங்கதி. வரைபடத்தில் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ஒரு வாசல் வழியாக நுழைந்து மறுவாசலில் வெளியேறலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வில்டபீஸ்டுக்கு அந்த உரிமை உண்டு, சுற்றுலாப் பயணிக்குக் கிடையாது. மேற்கே இசெபானியா எல்லைச் சாவடிக்கோ, கிழக்கே நமங்காவுக்கோ சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். விசாவும் தனித்தனி. கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் இணையவழிப் பயண அனுமதி வாங்க வேண்டும். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து ஒரே சுற்றுலா விசா உண்டு. தான்சானியா அதில் சேராது.

ஆறு நாள்தான் இருக்கிறது என்றால் ஒரே நாடு, இரண்டே இடம். விலை பேசும்போது அறையின் படத்தைப் பார்த்து மயங்காமல் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: வண்டியில் எத்தனை பேர், எல்லோருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா, பூங்காக் கட்டணம் சேர்த்தியா, விடுதி பூங்காவுக்குள்ளா வெளியிலா, வெளியில் என்றால் வாசலுக்கு எத்தனை கிலோமீட்டர். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் விட்டுவிடுங்கள். வழிகாட்டி யார் என்றும் கேளுங்கள். கென்யாவில் வழிகாட்டிகளுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைத் தேர்வுகள் இருக்கின்றன. கைவசம் இருக்கும் பணத்தில் நல்ல மெத்தையா நல்ல வழிகாட்டியா என்று வந்தால், மெத்தையை விட்டுக்கொடுங்கள்.

மாராவை ஒட்டி மசாய் மக்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நடத்தும் காப்பகங்கள் இருக்கின்றன. நபோய்ஷோ, மாரா நார்த் போன்றவை. அங்கே வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அரசுக் காப்பகத்துக்குள் அனுமதிக்கப்படாத இரவுச் சவாரியும் நடைப்பயணமும் அங்கே கிடைக்கும். விலை கூடுதல்தான். ஆனால் ஒரு சிங்கத்தைச் சுற்றி முப்பது வண்டி நிற்பதை ஒருமுறை பார்த்தவர்கள் அந்தக் கூடுதலைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆப்பிரிக்காவில் புலி பார்க்க எந்தப் பூங்கா சிறந்தது?

எந்தப் பூங்காவும் இல்லை. ஆப்பிரிக்கக் காடுகளில் புலி கிடையாது. கழுதைப்புலி நிறைய உண்டு. அது கழுதையும் இல்லை, புலியும் இல்லை.

சிறுத்தை என்றும் சீட்டா என்றும் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?

நல்ல கேள்வி. நாம் எல்லாவற்றையும் சிறுத்தை என்று சொல்லிக் குழப்பிவிட்டோம். மரத்தில் ஏறி இரையைக் கிளையில் தொங்கவிடுவது சிறுத்தை, சுவாஹிலியில் சூயி. அதன் மேலுள்ள கரும்புள்ளிகள் பூப்போல வளையம் வளையமாக இருக்கும். சமவெளியில் கறையான் புற்றின் மேல் நின்று நோட்டமிடுவது சிவிங்கி; சுவாஹிலியில் டூமா. மெலிந்த உடல், பொட்டு வைத்தாற்போன்ற தனித்தனிப் புள்ளிகள், கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. ஒட்டகத்தின் கழுத்தும் சிவிங்கியின் புள்ளியும் சேர்ந்ததுதானே ஒட்டகச்சிவிங்கி? அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் சிவிங்கியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொற்களைத் தெரிந்துகொண்டால் இன்னொரு லாபம். ஓட்டுநர்கள் ரேடியோவில் சுவாஹிலியில்தான் பேசிக்கொள்வார்கள். "சூயி" என்று காதில் விழுந்தால் மர உச்சியைப் பார்க்காதீர்கள். படுக்கையான தடித்த கிளையிலிருந்து வால் ஒன்று தொங்குகிறதா என்று பாருங்கள். என் வழிகாட்டி எப்போதும் வாலைத்தான் தேடுவார்.

எவ்வளவு துணி எடுத்துச் செல்வது? பெரிய சக்கரப் பெட்டி போதுமா?

பெரிய சக்கரப் பெட்டிதான் பிரச்சினை. பூங்காக்களுக்கிடையே பறக்கும் சிறுவிமானங்களில் பொதுவாகக் கைப்பையையும் சேர்த்து 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையாக இருக்க வேண்டும். பெரும்பாலான முகாம்களில் துணி துவைத்துத் தருவார்கள், மூன்று செட் போதும்.

நிறத்தைப் பற்றி எல்லோரும் காக்கி காக்கி என்கிறார்கள். காக்கி கட்டாயமில்லை, கருநீலத்தையும் கறுப்பையும் தவிர்ப்பதுதான் முக்கியம். ட்செட்சி ஈக்களுக்கு அந்த இரண்டு நிறங்களும் உயிர். அவற்றைப் பிடிக்க மரங்களில் மாட்டும் பொறிகளையே நீலத்திலும் கறுப்பிலும்தான் தைக்கிறார்கள். நான் இதை அறியாமல் புது நீல ஜீன்ஸோடு தான்சானியாவின் தரங்கிரே பூங்காவுக்குப் போனேன். மெல்லிய துணியைத் துளைத்துக்கொண்டு அது கடிக்கும். அடித்தாலும் சாகாமல், உதறிக்கொண்டு எழுந்து திரும்ப வரும். ராணுவ உடைபோன்ற புள்ளித் துணியும் வேண்டாம். ஜிம்பாப்வே, ஜாம்பியா, உகாண்டாவில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம்.

கம்பளிச் சட்டை, தொப்பி கட்டாயம். நிலநடுக்கோட்டுக்கு அருகில்தானே என்று ஏமாறாதீர்கள். மாரா 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தான்சானியாவின் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு 2,200 மீட்டருக்கும் மேல். விடியற்காலையில் கூரை திறந்த வண்டியில் பல் தந்தியடிக்கும். பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கென்யா 2017-லும் தான்சானியா 2019-லும் தடை செய்துவிட்டன.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. 8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்வில்லை உள்ளது போதும். கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒன்று வாங்கிப்போய், சிவிங்கி பாயும் நேரத்தில் பிடுங்கிக்கொண்ட தம்பதியை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நாள் முழுவதும் வண்டியில் என்றால், பெண்கள் கழிப்பறைக்கு என்ன செய்வது?

கூச்சமே வேண்டாம், எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. தான்சானியாவில் இதற்கு ஒரு நாகரிகமான சொல் இருக்கிறது: "குச்சிம்பா டாவா", அதாவது மருந்து தோண்டுவது. ஓட்டுநரிடம் அதைச் சொன்னால் சிரித்துக்கொண்டே பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துவார். முதலில் அவர் இறங்கிச் சுற்றிப் பார்ப்பார், பிறகு நீங்கள் வண்டியின் பின்பக்கம் போகலாம், மற்றவர்கள் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீண்ட மேலங்கி அல்லது சுற்றிக்கொள்ள ஒரு துணி உதவும். காகிதத்தை அங்கே போடாமல் ஒரு பையில் திருப்பி எடுத்து வாருங்கள். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் தவறு. முதல் நாள் நான் அப்படி இருந்து, சாயங்காலம் தலைவலியில் யானைக் கூட்டத்தை அரைக்கண்ணால் பார்த்தேன்.

தடுப்பூசி, மாத்திரை?

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட வேண்டும். சான்றிதழ் அதன்பிறகே செல்லுபடியாகும். 2016 முதல் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். கென்யா, உகாண்டா போய்விட்டு வேறு நாட்டுக்குள் நுழையும்போதும், இந்தியா திரும்பும்போதும் அந்த அட்டையைக் கேட்பார்கள். மலேரியா மாத்திரை எது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஊர் திரும்பியதும் நிறுத்திவிடக் கூடாது. மாத்திரையைப் பொறுத்து ஒரு வாரமோ நாலு வாரமோ தொடர வேண்டும். திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் எங்கே போய்வந்தீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

முன்கூட்டியே எழுதிவிட்டால் போதும். உகாலி என்ற மக்காச்சோளக் களி, சுகுமா விகி என்ற கீரை வதக்கல், தேங்காய்ப்பாலில் வெந்த மஹராகே பீன்ஸ், சப்பாத்தி எல்லாம் அந்த ஊர்ச் சாப்பாடே. "சைவம்" என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் கோழி ரசத்தோடு வருவார்கள். மீன், கோழி, முட்டை என்று எது வேண்டாமோ அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

கூடாரத்தில் தங்குவது பாதுகாப்பா? வேலி இருக்காது என்கிறார்களே.

பல முகாம்களில் வேலி இருக்காது, உண்மைதான். இருட்டிய பிறகு அஸ்காரி என்ற காவலர் துணையில்லாமல் வெளியே வரக் கூடாது என்பார்கள். அதைக் கேட்டு நடந்தால் பயமில்லை. ஜிப்பை முழுவதும் இழுத்து மூடுங்கள். சிங்கத்துக்காக அல்ல, குரங்குக்காக. ஓரிரவு என் தலைமாட்டில், துணிக்கு அந்தப் பக்கம், ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். கிழிக்கும், நிற்கும், பெருமூச்சு விடும், மறுபடி கிழிக்கும். நீர்யானை புல் மேய்கிறது என்பதைக் காலையில் தடத்தைக் காட்டிச் சொன்னார்கள். அன்றிரவு எனக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

கையில் எந்தப் பணம் வைத்துக்கொள்வது? அன்பளிப்பு எவ்வளவு?

டாலர், அதுவும் புதிய, கசங்காத நோட்டு. 2009-க்கு முன் அச்சான நோட்டுகளைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். வழிகாட்டிக்கு ஆளுக்கு, நாளுக்கு 10 டாலர் என்பது பரவலான வழக்கம். முகாம் ஊழியர்களுக்குப் பொதுப்பெட்டி இருக்கும். சிங்கம் காட்டவில்லை என்று குறைக்காதீர்கள்.

எனக்கு ஆசை, என் கணவருக்கு இதில் ஆர்வமே இல்லை. "நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்து மாடு பார்க்கவா?" என்கிறார். சலித்துப்போவாரா?

முதல் நாள் சலிப்பார். ஆற்றங்கரையில் காத்திருந்த அன்று எங்கள் வண்டியிலும் அப்படி ஒருவர் இருந்தார். பத்து மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் வண்டிச் சக்கரத்தின் அருகே தரையைக் காட்டினார். ஒரு சாண வண்டு தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு, தலைகீழாக, பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று நிறுத்தி, உருண்டையின் மேல் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி மறுபடி தள்ளியது. சூரியனைப் பார்த்துத் திசையைச் சரிசெய்துகொள்கிறது என்றார் வழிகாட்டி. கல்லில் முட்டியது, உருண்டை சரிந்தது, வண்டும் சேர்ந்து உருண்டது. எழுந்து, ஏறி, சுற்றி, அதே நேர்க்கோட்டில் கிளம்பியது. அந்த மனிதர் நாற்பது நிமிடம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி இருந்தார். எதிர்க்கரையில் கூட்டம் ஓடியபோதுகூட அவர் நிமிரவில்லை.

உங்கள் கணவருக்குத் தனியாக ஒரு பைனாகுலர் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் உங்களுடையது உங்களிடம் இருக்காது.