மைக்கோபிளாஸ்மா பிசிஆர் நெகட்டிவ் வந்தாலும் நம்பிவிடாதீர்கள்

மீடியா (செல்களை வளர்க்கும் திரவம்) தெளிவாக இருக்கிறது, பென்-ஸ்ட்ரெப் (பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆன்டிபயாடிக் கலவை) போடுகிறேன், கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆரும் நெகட்டிவ், ஆனாலும் ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெக் 293 மனித செல்கள் மந்தமாகவே வளர்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். செல் வளர்ப்பில் புகுந்துவிடும் மிகச் சிறிய பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மா இருந்தாலும் மீடியா கலங்காது, பெனிசிலின் தாக்கும் செல்சுவரே அதற்கு இல்லாததால் அந்த மருந்தும் வேலை செய்யாது. மீடியா மாற்றிய மறுநாளே சாம்பிள் எடுத்திருக்கிறீர்கள், புது மீடியாவில் கிருமி குறைவாகவே இருக்கும், எனக்கு அங்கேதான் சந்தேகம். ஆன்டிபயாடிக் இல்லாமல் சில நாள் வளர்த்து, பிளாஸ்கில் செல்கள் நிறைந்தபின், இரண்டு மூன்று நாள் மாற்றாத மீடியாவை எடுங்கள். உங்கள் சாம்பிளில் பாசிட்டிவ் கன்ட்ரோலை (மைக்கோபிளாஸ்மா டிஎன்ஏ இருப்பது உறுதியான மாதிரி) கலந்தும் ஒரு டியூப் ஓட்டுங்கள். அதிலும் பேண்ட் (பாசிட்டிவ் என்று காட்டும் கோடு) வராவிட்டால் மீடியாவில் ஏதோ ஒன்று பிசிஆரைத் தடுக்கிறது, சாம்பிளைத் தண்ணீரால் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி பாருங்கள். அப்புறம் டிஎன்ஏவை ஒளிரவைக்கும் டாப்பி சாயம்: உட்கருவுக்கு வெளியே புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தால் அநேகமாக மைக்கோபிளாஸ்மாதான். அதுவரை அந்த பிளாஸ்கைத் தயவுசெய்து தனி இன்குபேட்டரில் வையுங்கள்.